குழந்தையை எந்த வயதில் போனி சவாரி வகுப்பில் சேர்க்கலாம்? இங்கிலாந்தில் வாழும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கு வயதில் போனி எனும் குட்டைக் குதிரையின் மேல் உட்காரப் பழகலாம். சவாரியை முறையாகக் கற்க ஐந்து, ஆறு வயதாவது ஆக வேண்டும். யாரும் கயிற்றைப் பிடிக்காமல் தானாகப் போனியை நடத்திச் செல்ல, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு வயது ஆகிவிடும். இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்லும் சுருக்கமான பதில் இதுதான்.

இந்த மூன்று கட்டங்களையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். மூன்று வயதுக் குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, "இத்தனை வாரமாகப் போகிறோம், இன்னும் சும்மா உட்காரத்தானே வைக்கிறார்கள்" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இனி நேரம் கடந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். கடந்துவிடவில்லை. கதீஜா மெல்லா என்ற பெண் லண்டன் பிரிக்ஸ்டனில் இருக்கும் எபனி ஹார்ஸ் கிளப்பில் சவாரி பழகத் தொடங்கியது ஏறத்தாழ பதினொன்று, பன்னிரண்டு வயதில். 2019இல், தன் பதினெட்டாவது வயதில், குட்வுட் பந்தயத் திடலில் மக்னோலியா கோப்பையை வென்றார். வயதைவிட, எங்கே, யாரிடம், எப்படித் தொடங்குகிறோம் என்பதற்கே அதிக எடை கொடுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் ஏரிக்கரையிலும் ஊட்டியிலும் குழந்தையைக் குதிரையில் ஏற்றி, ஒரு சுற்று அழைத்துப்போய், போட்டோ எடுத்து இறக்கிவிடும் சவாரியைப் பற்றியது அல்ல இந்தக் கட்டுரை. வாராவாரம், பயிற்சி பெற்ற ஆசிரியரிடம், உரிமம் உள்ள லாயத்தில் கற்கும் வகுப்பைப் பற்றித்தான் பேசுகிறோம்.

முதல் படி: குழந்தை தயாரா என்று பாருங்கள்

பல லாயங்கள் நான்கு வயதிலிருந்து சேர்த்துக்கொள்கின்றன. சில மூன்றிலும், சில ஐந்து அல்லது ஆறிலும் தொடங்குகின்றன. இதில் லாயத்தின் காப்பீட்டு நிபந்தனைக்கும், அவர்களிடம் இருக்கும் போனிகளுக்கும், கைக்கு உதவ இருக்கும் ஆட்களுக்கும் பங்கு உண்டு. பிரான்சில் மூன்று வயதுச் சின்னக் குழந்தைகளுக்கென்றே 'பேபி போனே' வகுப்பு நடத்தும் போனி கிளப்புகள் நிறைய. ஆனால் அங்கேயும் அந்த வயதில் நடப்பது விளையாட்டும் தடவிக்கொடுப்பதும்தான்.

குழந்தையின் உடம்பை வைத்து யோசித்தால் காரணம் புரியும். சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. அதன் மேல் ஒரு ஹெல்மெட்டையும் வைத்தால், அந்தக் கனத்தைக் கழுத்து தாங்க வேண்டும். போனி ஒரு அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் முதுகு அசையும். அந்த அசைவுக்கு இடுப்பு இசைந்துபோக, வயிற்றுத் தசைக்கு வலு வேண்டும். கால்களும் குட்டை. சேணத்தின் பக்கவாட்டுத் தோலைத் தாண்டிக் கால் கீழே வராத வயதில், குழந்தை எவ்வளவு அழுத்தினாலும் போனிக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் நான்கு வயதுக் குழந்தையால் போனியை 'ஓட்ட' முடிவதில்லை.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. ஒற்றைக் காலில் நொண்டியடிக்கிறதா? பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதுவாக்கில் இது வந்துவிடும். நம்ம ஊர் பாண்டி ஆடத் தெரிந்த குழந்தையின் சமநிலையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். பெற்றோர் அல்லாத வேறொருவர் "நில்" என்றால் நிற்கிறதா? இருபது, முப்பது நிமிடம் ஒரே வேலையில் இருக்கிறதா? அரை மணி நேரம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் போட்டுக்கொள்கிறதா? பயம் வந்தால் வாயைத் திறந்து சொல்கிறதா?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமானது. பயந்துபோய் மௌனமாக இறுகிவிடும் குழந்தை உண்டு. ஆசிரியருக்கு அது தெரியாமலே போகலாம். அப்படிப்பட்ட பிள்ளை என்றால் ஆறு மாதம், ஒரு வருடம் பொறுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. ஆறு வயதில் தொடங்கும் குழந்தை, நான்கில் தொடங்கிய குழந்தையைச் சீக்கிரமே எட்டிப் பிடித்துவிடும்.

மருத்துவப் பக்கத்தில் இரண்டு விஷயம். டெட்டனஸ் தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். இங்கே பிறந்த குழந்தைகளுக்கு மூன்று வயது நான்கு மாதத்தில் போடும் ஊசியில் அது சேர்ந்தே வரும். ஊரிலிருந்து பிறகு வந்த குழந்தை என்றால் குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஆஸ்துமா, ஒவ்வாமை. லாயத்தில் வைக்கோல் தூசியும் குதிரை முடியும் இல்லாத மூலையே கிடையாது. பணம் கட்டும் முன் ஒருநாள் சும்மா போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: லாயத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவோ கட்டணம் குறைவு என்பதற்காகவோ முடிவெடுக்காதீர்கள்.

இங்கிலாந்தில் குதிரைகளைச் சவாரிக்கு வாடகைக்கு விடும் எந்த லாயமும் உள்ளூர் கவுன்சிலிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் விலங்கு நல உரிம விதிகள் இதைச் சொல்கின்றன. நான்கு வயதுக்குக் குறைந்த குதிரையைச் சவாரிக்குத் தரக்கூடாது, பொது இழப்பீட்டுக் காப்பீடு இருக்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர் பொறுப்பில் லாயத்தை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பவை அதிலுள்ள சில நிபந்தனைகள். வேல்ஸ், ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. ஆனால் அங்கேயும் உரிமம் வேண்டும். உரிமத்தைப் பார்க்கலாமா என்று கேட்பதற்குத் தயங்காதீர்கள். நல்ல லாயம் சந்தோஷமாகக் காட்டும்.

உரிமம் என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அதற்கு மேல் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1947இல் அமைந்த இந்தச் சங்கம் லாயங்களைச் சோதித்து அங்கீகாரம் தருகிறது. வாசலிலேயே பலகை மாட்டியிருப்பார்கள். ஆசிரியர்களுக்கும் அவர்கள் தேர்வுகள் நடத்துகிறார்கள். உங்கள் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் என்ன தகுதி பெற்றிருக்கிறார், டி.பி.எஸ். எனும் குற்றப்பின்னணிச் சோதனை முடித்திருக்கிறாரா, முதலுதவி தெரிந்தவரா என்று கேளுங்கள்.

பெரிய தோட்டமும் பங்களாவும் உள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைப்பவர்களுக்கு: லண்டன் நகரத்துக்குள்ளேயே ஐல் ஆஃப் டாக்ஸில் மட்சூட் பண்ணை, லேட்டன் பக்கம் லீ வேலி சவாரி மையம், வாக்ஸால் நகரப் பண்ணை என்று இடங்கள் இருக்கின்றன. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் இருப்பவர்களுக்கு லேட்டன் தொலைவே இல்லை. நம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியும் பரதமும் மிருதங்கமும் சரியாக இருக்கும் என்பதால் ஞாயிறு காலை வகுப்புக்குத்தான் எல்லாரும் போட்டி போடுகிறார்கள். வார நாளில் பள்ளி முடிந்தபின் ஓர் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கூட்டம் குறைவு, போனிகளும் களைப்பில்லாமல் இருக்கும்.

சேரும் முன் ஒரு வகுப்பை வேலிக்கு வெளியே நின்று முழுக்கப் பாருங்கள். நான் கவனிப்பது இவற்றைத்தான்: சின்னக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் போனியைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கிறாரா? அந்த ஆள் போனியைப் பார்க்கிறாரா, செல்போனைப் பார்க்கிறாரா? போனிகளின் காதுகள் முன்னும் பின்னும் இயல்பாக அசைகின்றனவா, அல்லது தலையோடு ஒட்டிப் பின்னால் மடிந்தே இருக்கின்றனவா? குளம்புகள் ஒழுங்காகச் செதுக்கப்பட்டிருக்கின்றனவா? தண்ணீர்த் தொட்டி சுத்தமா? ஒரு குழந்தை அழுதால் ஆசிரியர் என்ன செய்கிறார்? போனிக்கு எரிச்சல் வரும்வரை வேலை வாங்கும் இடத்தில் உங்கள் குழந்தைக்கும் பாதுகாப்பு இருக்காது.

மூன்றாம் படி: போனி பொருந்துகிறதா?

14.2 கை உயரம், அதாவது 148 சென்டிமீட்டர் வரை இருப்பவற்றைப் போனி என்பார்கள். ஒரு 'கை' என்பது நான்கு அங்குலம்; 14.2 என்றால் 14 கையும் 2 அங்குலமும். போனியின் தோள் மேட்டிலிருந்து தரைவரை அளப்பது. எல்லாரும் முதலில் ஆசைப்படுவது ஷெட்லாண்ட் போனி. 42 அங்குலத்துக்கு மேல் வளராது, விழுந்தாலும் தரை பக்கம். ஆனால் முதுகு அகலம். நான்கு வயதுக் குழந்தையின் கால் அதன் மேல் விரிந்து பலகை போல நீட்டிக்கொண்டு நிற்கும், இடுப்பு வலிக்கும். கொஞ்சம் ஒடுக்கமான வெல்ஷ் மலைப் போனியில் அதே குழந்தை நன்றாக உட்காரும். ஆக, உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் அகலத்தையும் பாருங்கள்.

எடை இந்த வயதில் பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. சேணத்தையும் சேர்த்துப் போனியின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பல லாயங்கள் அதைவிடக் குறைத்தே வைக்கின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு ஷெட்லாண்ட் தரமாட்டோம் என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

நான்காம் படி: உடுப்பு

ஹெல்மெட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தொடக்கத்தில் லாயமே இரவல் தரும், அதுவே போதும். தொடர்ந்து போவது உறுதியான பிறகு, அளவு பார்த்துக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கும் கடையில் புதிதாக வாங்குங்கள். உள்ளே பி.ஏ.எஸ். 015 அல்லது வி.ஜி.1 என்ற தரக்குறியும் கைட்மார்க் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் இரவல் கேட்காமல், ஆன்லைனில் பழையது ஒன்றை மலிவாக வாங்கிவிடுகிறார்கள். அது ஏற்கெனவே ஒரு அடியை வாங்கியிருந்தால் வெளியே தெரியாது, உள்ளே நசுங்கியிருக்கும். சைக்கிள் ஹெல்மெட்டும் உதவாது. சாலையில் குதிரை மேல் போகும் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஹெல்மெட் போட வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நல்ல லாயங்கள் வயது பார்க்காமல் எல்லா இடத்திலும் எல்லாரையும் போடச் சொல்லும்.

நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. அடர்த்தியான நீள முடியை உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராது, மேலே மிதக்கும். கழுத்துக்குக் கீழே வருகிற மாதிரி தாழ்வாக ஒற்றைப் பின்னல் போடுங்கள். ஹெல்மெட் வாங்கப் போகும்போதும் அதே பின்னலோடு அழைத்துப்போங்கள்; இல்லையென்றால் அளவு மாறிவிடும். போட்டபின் ஹெல்மெட்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். காதுவளையம், ஜிமிக்கி, வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

காலுக்குச் சின்னக் குதிகால் உள்ள, அடிப்பாகம் வழவழப்பான பூட்ஸ். ஸ்னீக்கர் போட்டால் பாதம், சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். விழும்போது அதுதான் ஆபத்து. ஜோத்பூர் கால்சட்டை அவசியம் இல்லை. தையல் உறுத்தாத லெகிங்ஸ் போதும். உடம்புக்கவசத்தைச் சில லாயங்கள் கட்டாயம் ஆக்கியிருக்கும். வாங்கினால் பீட்டா 2018 லெவல் 3 என்று எழுதியிருக்க வேண்டும். வளர்ந்துவிடுவார்கள் என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிற நம் பழக்கத்தை ஹெல்மெட்டிலும் கவசத்திலும் மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் வகுப்புகள்

தொடக்கத்தில் 'லீட் ரெயின்' வகுப்பு. ஒருவர் போனியைக் கயிற்றில் பிடித்து நடப்பார். தேவைப்பட்டால் இன்னொருவர் குழந்தையின் பக்கத்தில் நடப்பார். அரை மணி நேரம் போதும். நான்கு, ஐந்து வயதில் ஒரு மணி நேர வகுப்பு விற்கும் இடத்தில் நான் சேர்க்க மாட்டேன்.

கையை இறக்கை மாதிரி விரிப்பது, குனிந்து தன் கால்விரலைத் தொடுவது, நின்றிருக்கும் போனியின் மேலேயே ஒரு காலைத் தூக்கிப் போட்டுத் திரும்பித் திரும்பி முழுச் சுற்று சுற்றி உட்காருவது, சிவப்பு விளக்கு பச்சை விளக்கு விளையாட்டு, தரையில் கிடக்கும் கம்புகளைத் தாண்டி நடப்பது என்று பொழுது போகும். வேடிக்கையாகத் தெரியும் இதெல்லாம்தான் சமநிலைப் பயிற்சி. இந்தக் கட்டத்தில் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கக் குழந்தையை விடவே கூடாது. அந்த இழுப்பு நேராகப் போனியின் வாய்க்குப் போகும். அதற்குத்தான் போனியின் கழுத்தைச் சுற்றி ஒரு தோல்பட்டை கட்டியிருப்பார்கள். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அதைக் காட்டிக்கொடுப்பார்கள்.

அங்கவடியை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். குழந்தைகளுடையதில் ஒரு பக்கம் இரும்புக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். விழும்போது கால் சிக்கினால் அது தெறித்துக் கழன்று காலை விட்டுவிடும். அந்த ரப்பர் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும், போனியின் வயிற்றுப் பக்கம் இருக்கக்கூடாது. ரப்பர் வெடித்துப் போயிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

தரையில் கற்பதை நான் சவாரிக்குச் சமமாக வைப்பேன். போனிக்கு நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது. அதனால் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மடித்துத்தான் பிடிக்க வேண்டும். போனிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்காரக் கூடாது, எழுந்து விலகும்படி குந்தித்தான் இருக்க வேண்டும். காரட் கொடுப்பதென்றால் முதலில் கேட்க வேண்டும். வட்ட வில்லையாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும் என்பதால் நீளவாக்கில் வெட்டி, விரல்களை ஒட்டித் தட்டையாக நீட்டிய உள்ளங்கையில் வைத்துத் தர வேண்டும். என் மகள் முதன்முதலில் குளம்பு சுத்தம் செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆசிரியை போனியின் காலைத் தூக்கிப் பிடிக்க, இவள் கொக்கியால் குதிகாலிலிருந்து முன்நோக்கிச் சேற்றைச் சுரண்டினாள். நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியைக் காட்டி, "இங்கே மட்டும் குத்திடாதே, இது அதுக்கு வலிக்கும்" என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும், "அப்பா, போனிக்குக் காலுக்குள்ளே வலிக்குமாம்" என்பதைத்தான் முதலில் சொன்னாள். சவாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருபது நிமிடம் சவாரி, பத்து நிமிடம் இப்படி ஒரு வேலை என்று பிரித்து நடத்தும் ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: கயிற்றை எப்போது விடுவது?

அவசரப்படுத்த வேண்டாம். முதலில் நடை, அப்புறம் கயிற்றோடு ட்ராட் எனும் துள்ளோட்டம். அந்தத் தாளத்துக்கு எழுந்து உட்காரப் பழகப் பல மாதங்கள் ஆகும். போனியை நிறுத்த, நடக்க வைக்க, இருபுறமும் திருப்பக் குழந்தையால் தானே முடிகிறதா? ட்ராட்டில் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காமல் உட்கார முடிகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், முதலில் கயிறு கழற்றப்படும். ஆள் பக்கத்திலேயே நடப்பார். பிறகு அவரும் விலகுவார். குழு வகுப்பு அதற்குப் பிறகுதான். இது எப்போது என்பதை ஆசிரியர் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ட்ராட்டைவிட வேகமான கேன்டர் போகிறான் என்பதைக் காரணமாக வைத்து அவரை நெருக்காதீர்கள்.

போனி கிளப்

சவாரி பழகும் பிள்ளைகளுக்காகப் பிரிட்டனில் 1929இல் தொடங்கிய அமைப்பு இது. 25 வயது வரை உறுப்பினராக இருக்கலாம். சொந்தப் போனி உள்ளவர்களுக்குத்தான் என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. கிளப்போடு இணைந்த சவாரி லாயங்கள் வழியாக, லாயத்துப் போனியை வைத்தே சேரலாம். சின்னவர்களுக்குச் சின்னச் சின்னப் பேட்ஜுகள், அப்புறம் ஈ, டி என்று தொடங்கி ஏ வரை ஏறும் தேர்வுகள். சவாரியோடு போனியைப் பராமரிக்கவும் தெரிந்திருந்தால்தான் தேறலாம். போனி மேல் ஆடும் ஓட்டப் போட்டிகளுக்கான பிரின்ஸ் பிலிப் கோப்பை 1957 முதல் நடக்கிறது. கோடை விடுமுறை முகாம்தான் பிள்ளைகள் ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் விஷயம். உங்கள் லாயம் இணைந்ததா என்று சேரும்போதே கேட்டுவையுங்கள்.

சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள்

மாற்றுத்திறனாளிகளின் சவாரிக்கென்றே 1969இல் உருவான ஆர்.டி.ஏ. (ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அசோசியேஷன்) அமைப்பின் குழுக்கள் நாடு முழுக்க இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், தசை இறுக்கம் உள்ள பிள்ளைகள் பலர் அங்கே போகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை என்றால், கழுத்துப் பகுதி முதுகெலும்பு உறுதியாக இருக்கிறதா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும்; சீக்கிரமே பெயர் கொடுங்கள்.

விழுந்தால்

தொடர்ந்து சவாரி செய்யும் குழந்தை என்றாவது ஒருநாள் விழும். இதை ஏற்க முடியாது என்றால் இப்போதே வேறு விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தலையில் அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அன்றைக்கு மறுபடி ஏற்றக்கூடாது. "பயம் போகணும், உடனே ஏத்துங்க" என்று பக்கத்தில் யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். பிரிட்டனில் 2023இல் வந்த மூளை அதிர்ச்சி வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. போட்டிக்குத் திரும்ப 21 நாளாவது ஆக வேண்டும். வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, கழுத்து வலி இருந்தால் உடனே 999. அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

அடி இல்லாமல் பயம் மட்டும் என்றால், ஒரு வாரமோ இரண்டு வாரமோ லாயத்துக்குப் போய்ப் போனியைத் தேய்த்துவிட்டு மட்டும் வரட்டும். ஏறுகிறேன் என்று குழந்தையே கேட்கும்வரை பொறுங்கள்.

சொந்தப் போனி வேண்டும் என்று கேட்டால்

கேட்பார்கள். வாடகை இடம், தீவனம், இரண்டு மாதத்துக்குள் ஒருமுறை லாடம் அல்லது குளம்பு செதுக்கல், தடுப்பூசி, பல் வைத்தியம், காப்பீடு என்று மாதாமாதம் செலவு; ஜனவரி இருட்டிலும் மழையிலும் காலை மாலை யாராவது போக வேண்டும். குழந்தையோ இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் போனியைவிடப் பெரிதாகிவிடும். முதலில் விடுமுறை நாட்களில் லாயங்கள் நடத்தும் 'ஒருநாள் போனி உன்னுடையது' நிகழ்ச்சிக்கு அனுப்புங்கள். காலை முதல் மாலைவரை சாணி அள்ளி, தண்ணீர் தூக்கி, சேணம் துடைத்துவிட்டு வந்த பிறகும் கேட்டால், வேறொருவர் போனியை வாரத்தில் இரண்டு நாள் செலவோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு கிடைக்கிறதா என்று லாயத்திலேயே விசாரியுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, விபத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் யார் பொறுப்பு என்பதை அதில் குறிப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.